சவரி, அது நீ கொட்டிய மண்தான்

என் ஆசை மாமு சவரிமுத்துவுக்கு,

நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. உனக்குக் கடிதம் போட விலாசம் இல்லை, அதனால் நம் திருவொற்றியூர் வாரப் பத்திரிகையில் போடச் சொல்லியிருக்கிறேன். என் கட்டுரை வந்ததே, அதே மூன்றாம் பக்கத்தில்தான் வர வேண்டும் என்று ஆசிரியரிடம் அடம் பிடித்தேன். ஏன் என்று உனக்குத் தெரியும். படிக்கிறவர்களுக்குத் தெரியாது, அவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதையும் சொல்லியாக வேண்டும். பொறுத்துக்கொள்.

முதலில் வீட்டுச் செய்தி. உன் சம்சாரம் பிலோமினா தங்கச்சி நன்றாக இருக்கிறது. உன் பெரியவள் எட்டாவது காலாண்டுப் பரீட்சையில் தேறிவிட்டாள், கணக்கில் மட்டும் தட்டுத்தடுமாறி. காசிமேட்டில் மீன்பிடித் துறைமுகத்துக்குக் கல் கொட்டிக்கொண்டே இருக்கிறார்கள். உன் லாரியை இப்போது வேறொரு ஆள் ஓட்டுகிறார். கியர் மாற்றும்போது அவர் போடும் சத்தத்தைக் கேட்டால் நீ நடுரோட்டிலேயே வண்டியை மறித்திருப்பாய்.

நம் மன்றமும் இருக்கிறது. தொல்பொருள் ஆர்வலர் மன்றம் என்று பலகை எழுதி மாட்டினோமே தவிர, இருந்தது நாலே பேர். இரும்புத் தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பரான நான், லாரி ஓட்டும் நீ, ராயபுரம் ரோசலின் டீச்சர், பேசின் பிரிட்ஜ் மின்நிலையத்தில் பிட்டர் வேலை பார்க்கும் கஜபதி. ஞாயிற்றுக்கிழமை நீ சர்ச்சில் பூசை முடித்து வந்ததும் சாக்குப்பையும் பழைய பல் பிரஷ்ஷுமாகக் கிளம்புவோம். ஒரு வாரம் கல்வெட்டில் ஈரத்தாளை ஒட்டி மை தடவிப் படி எடுப்போம், மறுவாரம் எண்ணூர்ப் பக்கம் பானை ஓடு தேடுவோம். கருவாடு காயவைக்கும் பெண்கள் நமக்கு 'ஓடு பொறுக்கிங்க' என்று பேர் வைத்தார்கள். நீ சிரித்தாய். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. எனக்கு எதற்குத்தான் வரவில்லை?

அப்படிப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் திருவொற்றியூர்க் கடலோரத்தில், அலை அரிக்காமல் இருக்கப் பாறாங்கல் அடுக்கியிருக்கும் வரிசைக்குப் பின்னால், அந்த ஓடுகளைப் பார்த்தேன். உள்பக்கம் கறுப்பு, வெளிப்பக்கம் சிவப்பு. ஈராயிரம் வருஷப் பழசு என்று டீச்சர் புத்தகத்தில் படம் போட்டிருந்த அதே ஜாதி. அன்றும் அடுத்த இரண்டு வாரமும் நீ வெளியூர் லோடுக்குப் போயிருந்தாய். நாங்கள் மூன்று பேரும் மூன்று வாரம் பொறுக்கினோம், கோணிப்பை நிறைந்தது. ஸ்டோர் கீப்பர் புத்தி எனக்கு. ஒவ்வொரு துண்டுக்கும் நம்பர் போட்டேன், நோட்டில் பதிந்தேன். நகத்தால் கிள்ளிக் கோலம் போட்டது மாதிரி விளிம்பு இருந்த பெரிய துண்டுக்கு ஒன்றாம் நம்பர்.

இங்கே பழைய காலத்தில் துறைமுகம் இருந்திருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டேன். கட்டுரையும் எழுதினேன், என் படத்தோடு வந்தது. பன்னிரண்டு வருஷமாக என்னை 'ஸ்டோர்ஸ்' என்று கூப்பிட்ட மானேஜர் அன்று எழுந்து நின்று 'வாங்க மிஸ்டர் காதர்' என்றார். அது எனக்குத் தலைக்கேறியது. ஒளிப்பானேன்?

அந்த ஓடுகளை ஊருக்குக் காட்ட மன்றம் ஒரு கண்காட்சி வைத்தது. அதற்கு நாலு நாள் முன்பு டீச்சர் பள்ளிக்கூடத்துப் பின்னறையில் ஓடுகளை மேசையில் பரப்பிவைத்திருந்தோம். நீ வந்து ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாய். ஒட்டியிருந்த மண்ணைச் சுரண்டிக் கையில் தேய்த்தாய்.

"மாமு, இத்த எங்க எடுத்த?"

"பாறாங்கல்லுக்குப் பின்னாலதான். கட்டுரையிலயே போட்டுக்கீறனே."

"அங்க மண்ணு ரொப்புனதே நான்தான் மாமு. பொன்னேரிக்கு அந்தாண்ட ஒரு ஏரியில வெட்டி, ஒரு மாசம் லோடு அட்ச்சேன். இத பாரு, இதுல கீறது ஏரி நத்தை. கடல்ல இந்த நத்தை ஏது?"

உன் உள்ளங்கையில் மிளகு அளவுக்கு நத்தை ஓடுகள் இருந்தன. டீச்சர் எட்டிப் பார்த்தார். கஜபதி என் முகத்தைப் பார்த்தார். நீ சொல்வது சரியாக இருக்கலாம் என்று எனக்கு அந்த நொடியிலேயே தெரிந்தது. அதனால்தான் அப்படிப் பேசினேன்.

"லாரி ஓட்றவனுக்கு இதெல்லாம் இன்னா தெரியும்? மண்ண கொட்டுனமா, போனமான்னு இரு."

நீ கத்தியிருந்தால் நானும் கத்தித் தீர்த்திருப்பேன். "சரி மாமு" என்று கையைத் தட்டிவிட்டுப் போய்விட்டாய். அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. உன் தெரு வழியாகத்தான் தினமும் சைக்கிளில் போனேன், ஒரு பெல் அடித்திருக்கக் கூடாதா?

கண்காட்சி நன்றாகவே நடந்தது, கூட்டத்துக்குக் குறைவில்லை. அருங்காட்சியகத்திலிருந்து வந்த அதிகாரி பொறுமையாகப் பார்த்துவிட்டு என்னிடம் ஒன்று கேட்டார். "இதெல்லாம் எவ்வளவு ஆழத்துல கிடைச்சது? மேல என்ன மண்ணு, கீழ என்ன மண்ணு?" நான் நோட்டைப் புரட்டி, மொத்தம் இத்தனை துண்டு சார் என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினார். ஊர்ப் பெரியவர்கள் மட்டும் விடவில்லை. 'பழந்துறைமுகம் இருந்த இடம்' என்று ஒரு கல் வெட்டி, கீழே கண்டுபிடித்தவர் என்று என் பேரும் போட்டு, பொங்கலுக்கு நட்டுவிடுவதாகத் தீர்மானித்தார்கள்.

அதற்குள் நீ போய்விட்டாய். பேசின் பிரிட்ஜ் பக்கத்தில் நெஞ்சு வலித்ததும் வண்டியை ஓரங்கட்டி, ஹேண்ட்பிரேக் போட்டுவிட்டுத்தான் ஸ்டியரிங்கில் சாய்ந்தாய் என்று சொன்னார்கள். கல்லறையில் எல்லாருக்கும் பின்னால் நின்றேன். எல்லாரும் ஒரு பிடி மண் போட்டார்கள், நானும் போட்டேன். அழுகை வரவில்லை. உன்மேல் இன்னும் கோபமாக இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து வந்தபோது பிலோமினா ஒரு சாக்குப்பையைக் கொண்டுவந்து வைத்தது.

"அண்ணே, இது மன்றத்துப் பொருளு, யாரும் தொடக்கூடாதுன்னு சொல்லிக்கினே இருப்பாரு. நீங்களே எடுத்துக்கினு போங்க. ஞாயித்துக்கெயம ஆனா மேலெல்லாம் சேறோட வருவாரு. உங்களோடதான வந்துகினு இருந்தாரு?"

நான் ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல, மாமு?

வீட்டில் வந்து பையைப் பிரித்தேன். முப்பது நாற்பது ஓடுகள், ஒவ்வொன்றையும் கிழித்த காலண்டர் தாளில் சுற்றியிருந்தாய். ஒவ்வொரு தாளிலும் பென்சிலில் உன் கோணல் எழுத்து. 'மேல இருந்து ரெண்டு மொழம். கருப்பு மண்ணு. கீழ நத்தை.' அடுத்ததில் 'ரெண்டு மொழம் ஒரு ஜாண். சாம்பல் கலந்த மண்ணு.' அதிகாரி கேட்ட கேள்விக்கு, வரிக்கு வரி பதில். பிறகு டீச்சரிடம் கேட்டபோது சொன்னார். "ஆபீசர் என்ன கேட்டாருன்னு ஒரு தடவை சவரி என்னை வழியில நிறுத்தி விசாரிச்சாரு. சொன்னேன். அதுக்காக அந்த ஏரிக்கே போயி தோண்டுவாருன்னு எனக்குத் தெரியாது காதர்."

கடைசிப் பொட்டலத்தில் ஒரு விளிம்புத் துண்டு இருந்தது, நகத்தால் கிள்ளிய கோலத்தோடு. தாளில் எழுதியிருந்தாய்: 'இது காதர் மாமுவோட ஒண்ணாம் நம்பர்கூட சேரும்னு நெனிக்கிறேன். அவன் கோவம் எறங்குனதும் காட்டணும்.'

கண்காட்சி முடிந்து வீட்டில் வைத்திருந்த கண்ணாடிப் பெட்டியைத் திறந்து ஒன்றாம் நம்பரை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தேன். உடைந்த வாய் இரண்டும் இம்மி பிசகாமல் உட்கார்ந்தன. அப்போதுதான் அழுதேன். அடுத்த அறையிலிருந்து சம்சாரம் ஓடிவரும் அளவுக்கு அழுதேன்.

அடுத்த ஞாயிறு நாங்கள் மூன்று பேரும் கரிவண்டி ரயிலில் பொன்னேரி போய், அங்கிருந்து நீ மண் வெட்டிய ஏரியைக் கேட்டுக்கொண்டே நடந்தோம். ஏரிக்கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் விசாரித்தோம்.

"அந்த லாரிக்காரரா? ஞாயித்துக்கெயமயில வந்து குந்திக்கினு சொரண்டிக்கினு இருப்பாரு. இன்னா நைனா தேடுறன்னு கேட்டா, என் தோஸ்துக்கு ஒரு சாமான் தொலைஞ்சி போச்சும்பாரு. ஏன், இப்ப வர்றதில்ல?"

கஜபதிதான் அவருக்குப் பதில் சொன்னார். லாரிக்கு மண் வெட்டிய பள்ளத்தின் சுவரில், நீ கால் வைத்து இறங்கக் கொத்திய படிகள் அப்படியே இருந்தன. இரண்டு முழத்தில் கறுப்பு மண், அதில் ஓடுகள் யாரும் தொடாமல் நீட்டிக்கொண்டிருந்தன. கீழே நத்தை. நீ எழுதியதில் ஒரு ஜாண்கூடத் தப்பு இல்லை.

அதிகாரிக்கு எழுதினோம். வந்து பார்த்தார், உன் காலண்டர் தாள்களை ஒன்றுவிடாமல் படித்தார். இங்கே ஒரு பழைய ஊர் இருந்திருக்க வேண்டும் என்றார். மண் வெட்டுவதை நிறுத்தச் சொல்லி எழுதுவதாகவும் சொன்னார். நிற்குமா என்று தெரியவில்லை. யார் இதை அளந்தது என்று கேட்டார். சவரிமுத்து, லாரி டிரைவர் என்றேன். பேரை மட்டும் குறித்துக்கொண்டார். லாரி டிரைவர் என்பதையும் எழுதுங்க சார் என்று நின்று எழுதவைத்தேன்.

மிச்சமிருந்தது திருவொற்றியூர்க் கல். வெட்டி முடித்துவிட்டார்கள், என் பேர் கடைசி வரியில் இருக்கிறது. இப்படி ஒரு கடிதம் போட வேண்டும் என்று கேட்கப் போனபோது பத்திரிகை ஆசிரியர் தயங்கினார். "எதுக்கு சார் இப்ப? யாரு கேட்டாங்க? ஊரே சந்தோஷமா கீது, நீங்களே போயி பேஜாரு பண்ணிக்கிறீங்க." கூட வந்த டீச்சர் என்னைப் பார்த்தார். போடுங்கள் என்றேன். மானேஜர் நாளைக்கு மறுபடியும் 'ஸ்டோர்ஸ்' என்று கூப்பிடலாம், கூப்பிடட்டும்.

ஆகவே திருவொற்றியூர்ப் பொதுமக்கள் அறிவது. பாறாங்கல் வரிசைக்குப் பின்னால் கிடைத்த ஓடுகள் பொன்னேரிப் பக்கத்து ஏரியிலிருந்து லாரியில் வந்தவை. திருவொற்றியூரில் துறைமுகம் இருந்தது என்று நான் எழுதியது தவறு. தயவுசெய்து அந்தக் கல்லை நடாதீர்கள். இதைச் சரியாகச் சொன்ன ஆளை, நாலு பேர் முன்னால் நான் அவமானப்படுத்தினேன்.

மாமு, நீ சொன்னது சரி. இதை நீ இருக்கும்போது சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு வாக்குத் தருகிறேன். இனி எங்கே மண் கொட்டிக் கிடந்தாலும், அதைக் கொட்டிய லாரிக்காரரை முதலில் தேடிப் போவேன். அவர் சொல்வதை உட்கார்ந்து எழுதிக்கொண்ட பிறகுதான் ஓட்டில் கை வைப்பேன்.

கோபம் இறங்கிவிட்ட உன் மாமு,
காதர்