முப்பத்திரண்டில் ஒரு பங்கு

காஜா பெராங், மலாக்கா
22-9-1957

அன்பு மகன் தியாகுவுக்கு அம்மா எழுதுவது. இங்கு அனைவரும் சுகம் என்று வழக்கம்போல் தொடங்க எனக்கு மனம் வரவில்லையடா, நீயாவது அந்த இங்கிலாந்துக் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்க விநாயகர் துணையிருக்கட்டும். என் கழுத்துக் கழலை வற்றிக்கொண்டு வருகிறது, கை நடுக்கமும் குறைந்துவிட்டது, எழுத்தைப் பார்த்தாலே உனக்குத் தெரியும். சிங்கப்பூர் ஆஸ்பத்திரியில் குடிக்கக் கொடுத்த அந்தக் கதிர் வீசும் அயோடின் மருந்து வேலை செய்கிறது. செய்யட்டும், ஆனால் அது என்னைப் படுத்துகிற பாடு இருக்கிறதே.

மருந்து குடித்த அன்றே அங்கிருந்த நர்ஸ், எட்டு நாள்ல பாதி போயிடும்மா, கொஞ்ச நாளைக்குக் கைக்குழந்தை கிட்ட மட்டும் போகாதீங்க என்றாள். எட்டு நாளில் பாதி என்றால் பதினாறில் முழுசும் போய்விடும் என்று நானாகக் கணக்குப் போட்டுக்கொண்டேன், தீட்டும் பதினாறில்தானே கழிகிறது. எதற்கும் பௌதிகம் படிக்கிற பிள்ளை நீ இருக்கிறாயே என்று ஒரு வரி எழுதிக் கேட்டதுதான் நான் செய்த தப்பு. பதினாறாம் நாள் தலைக்குக் குளித்து, புதுச் சேலை கட்டி, உன் அக்கா மல்லிகாவுக்குப் பிறந்த பிள்ளையை முதன்முதலாகத் தூக்க அறை வாசலில் நிற்கிறேன், தபால்காரர் உன் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுக்கிறார். பதினாறு நாளில் கால் பங்கு மிச்சம், இருபத்துநாலில் அரைக்கால், முப்பத்திரண்டாம் நாளில் வீசம், அதாவது பதினாறில் ஒரு பங்கு, கணக்குப்படி ஒருநாளும் முழுசாகத் தீராது என்று கோடு போட்டு எழுதியிருந்தாய். அடேய், நான் என்ன உனக்குப் பரீட்சையா வைத்தேன்? என்றைக்குப் பிள்ளையைத் தூக்கலாம் என்றுதானே கேட்டேன்! அதற்கு மட்டும் பதில் இல்லை. நீட்டிய கையை மடக்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

நாட்டுக்குச் சுதந்திரம் வந்த மெர்டேக்கா அன்று ஊரே பாடாங்கு மைதானத்தில் கூடியிருக்க, எவள் இடுப்பில் பிள்ளை இருக்குமோ என்று நான் பின்னறையிலேயே கிடந்தேன். உன் அப்பாவானால், உன் கையால சாப்புட்டுக்கிட்டுத்தானே இருக்கேன், எனக்கு என்னா ஆயிப்போச்சு என்று சிரிக்கிறார். மல்லிகாவோ, பொண்ணாப் பொறந்திருச்சேன்னுதான் உனக்குத் தூக்க இஷ்டமில்லை என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள், அவளிடம் உன் கணக்கைச் சொன்னால் ஏறவில்லை. போன வாரம் ஒரு பால் டின் அரிசியைச் சுளகில் கொட்டிப் பாதி பாதியாக ஒதுக்கிப் பார்த்தேன். ஐந்தாம் தரம் உள்ளங்கைக் குழிக்குள் அடங்கிவிட்டது, அடங்கியதே தவிர இல்லாமல் போகவில்லை. நீ எழுதியது சரிதான், அதுதான் எனக்கு ஆத்திரம்.

நேற்று நாற்பதாம் நாள், முப்பத்திரண்டில் ஒரு பங்கு மிச்சம். அப்பா வேலைக்குப் போய்விட்டார், மல்லிகா குளிக்கப் போயிருந்தாள். தொட்டிலில் பிள்ளை பால் கக்கி மூச்சுத் திணறியது. பங்கை எண்ணிக்கொண்டு யாரடா நிற்பது? வாரித் தோளில் போட்டு முதுகைத் தட்டினேன். மூச்சு சரியான பிறகும் கீழே விடவில்லை தியாகு, அது என் குற்றம்தான். கால்மணி நேரம் அவள் வாய் என் கழுத்திலேயே பதிந்திருந்தது, மருந்து போய்த் தங்குகிற அதே கழுத்தில். மல்லிகாவின் காலடி கேட்டதும் தொட்டிலில் போட்டுவிட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு, கம்பளிச் சட்டை இல்லாமல் வெளியே போகாதே, தீர்க்காயுசாக இரு. மறக்காமல் இதற்குப் பதில் போடு, கோடு போட்ட கணக்கு வேண்டாம். பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்றால் ஆகாது என்று ஒரே வார்த்தை தந்தி அடி. ஆகும் என்றால் மல்லிகா பேருக்கு எழுது, தூக்கினேன் என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உன் அம்மா
சிவகாமசுந்தரி