பலேர்மோவில் எனக்குப் பந்து எறிந்தவர்கள்

டிசம்பர் 26, வெள்ளி. பலேர்மோ

வெயில். டிசம்பர் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். சுவீடனில் இந்நேரம் மூக்கு உறைந்திருக்கும்.

உடுப்புத் தோய்த்தாயிற்று. முழங்காலுக்கு உரிய பயிற்சி, அரைகுறை. அம்மாவின் ஆட்டிறைச்சிக் கறி, இரண்டு தரம்.

பிற்பகல் சுவீடனிலிருந்து பயிற்றுநரின் அழைப்பு. பல்கனியில் நின்று கேட்டேன். எங்கள் ஐஸ் ஹொக்கிக் குழுவின் முதலாம் கோலி, கோல் காப்பவள், விரலை முறித்துவிட்டாளாம். விடுமுறை முடிந்து வரும் முதல் ஆட்டத்தில் கோலுக்குள் நான்.

அவள் விரல் முறிந்ததற்குச் சந்தோஷப்படக் கூடாது. படவில்லை. (கொஞ்சம்.)

இரண்டு பருவமாக நான் இரண்டாம் கோலி. வாங்கில் இருப்பது, மற்றவர்கள் ஐஸிலிருந்து ஏறி வரக் கதவு திறந்துவிடுவது, தண்ணீர்ப் போத்தல் நீட்டுவது. இதற்கும் சம்பளம் உண்டு. வசந்தத்தோடு ஒப்பந்தம் முடிகிறது. முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு ஒரு முழு ஆட்டம் நின்றதில்லை. இதிலும் கோட்டை விட்டால் வேறு குழு எதுவும் எடுக்காது. பிறகு என்ன? தெரியாது. ஹொக்கி தவிர எனக்கு ஒன்றும் தெரியாது.

அம்மாவிடம் சொன்னேன்.

"அப்ப இனி எல்லாரும் உனக்குத்தான் அடிப்பினமோ?"

"ஓம் அம்மா."

"கடவுளே." வெங்காயம் உரிக்கப் போய்விட்டார்.

அம்மா என் ஆட்டம் ஒன்றுகூடப் பார்த்ததில்லை. அப்பா போனில் போட்டால் உடனே குசினிக்குள் வேலை வந்துவிடும்.

டிசம்பர் 27, சனி

பயம். காலை நாலு மணிக்கே விழிப்பு.

யோசித்துப் பார்த்தால் எல்லாம் பஞ்சியால், சோம்பலால் வந்தது. பதினொரு வயதில், பள்ளி ஜிம்மில் சில்லுச் சப்பாத்து ஹொக்கி. ஓடப் பஞ்சியில் கோலுக்குள் நின்றேன். ஓடாமல் நின்றே வெல்லலாம் என்று கண்டுபிடித்தேன். பதினைந்தில் வடக்கு இத்தாலியில் மலைப்பக்கம் ஒரு பள்ளி. முதல் உண்மையான ஐஸ். பிறகு சுவிஸ். பிறகு சுவீடன். அப்பா எல்லாவற்றுக்கும் ஓம் சொன்னார். அம்மா எல்லாவற்றுக்கும் அழுதுகொண்டே பெட்டி அடுக்கினார்.

துறைமுகத்தடியில் கிறிஸ்மஸுக்கு ஒரு சின்ன ஐஸ் தளம் போட்டிருக்கிறார்கள். போய்ப் பார்த்தேன். வெயிலில் ஓரமெல்லாம் தண்ணீர். நடத்துகிறவர் என்சோ என்ற பெரிய வயிற்றுக்காரர். தொழில்முறை ஹொக்கிக்காரி என்றேன். மேலும் கீழும் பார்த்தார்.

"பலேர்மோக்காரியா?"

"பலேர்மோவிலேயே பிறந்தவள்."

நெஞ்சில் கை வைத்தார். தளம் திறக்கும் முன் காலையில் உனக்குத்தான், காசு வேண்டாம் என்றார்.

ஐஸ் கிடைத்தது. அடிக்க ஆள்? இந்த ஊரில் ஒருவருக்கும் ஐஸ் ஹொக்கி தெரியாது.

இரவுச் சாப்பாட்டில் அப்பா: "அடிக்கத்தானே ஆள் இல்லை? எறிய இருக்கினம். எங்கடை பெடியளைக் கூட்டிக்கொண்டு வாறன்."

பெடியள் என்று அப்பா சொல்லும் பையன்கள் அவருடைய ஞாயிற்றுக்கிழமைக் கிரிக்கெட் குழு. ஒருவரும் ஐம்பதுக்குக் கீழே இல்லை.

டிசம்பர் 28, ஞாயிறு

இன்னும் சிரிப்பு அடங்கவில்லை. ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

அப்பாவோடு ஐந்து பேர். பல்லரோச் சந்தையில் கடை வைத்திருக்கும் சிவம் மாமாதான் தலைவர். வழுக்காமல் இருக்கச் சப்பாத்துக்கு மேலே காலுறை. ஒரு பை நிறைய டென்னிஸ் பந்து. ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் மட்டும் கறுப்பு நாடா சுற்றியிருந்தது, வளைந்து போவதற்காம்.

கட்டிலுக்குக் கீழே கிடந்த பழைய காற்காப்பையும் முகமூடியையும் கட்டிக்கொண்டு நின்றேன். அப்பா ஓடி வந்தார். ஓட்டம் நிற்கவில்லை, வேலி வரை வழுக்கிக்கொண்டு போனார். பந்து மாத்திரம் கோலுக்குள்.

தொடக்கத்தில் எல்லாமே உள்ளே. நாடா சுற்றிய பந்து கடைசி நேரத்தில் திரும்புகிறது. கண் பிந்துகிறது, முழங்கால் சொல் கேட்கவில்லை. ஒரு கட்டத்தில் முகமூடிக்குள் அழுகை வந்தது. சிவம் மாமா கிட்ட வந்தார்.

"பிள்ளை, பந்தைப் பாக்காதை. என்ரை கையைப் பார். கைதான் முதல்லை கதைக்கும்."

எனக்குத் தெரிந்த விஷயம்தான். பயிற்றுநர் ஆயிரம் தரம் சொன்னது. வாங்கில் இருந்து இருந்து மறந்திருக்கிறேன். கையைப் பார்த்தேன். ஒன்று மறித்தேன். இன்னொன்று. பிறகு எண்ணவில்லை. பெடியள் வெறி கொண்டு எறிந்தார்கள். என்சோ ஒவ்வொன்றுக்கும் கத்தினார். விழுந்து எழும்பி விழுந்து, உடம்புக்கு எல்லாம் ஞாபகம் வந்தது.

அம்மா தேத்தண்ணிப் போத்தலோடு வந்து வேலிக்கு வெளியே நின்றதை நான் காணவில்லை. முதலில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாராம். பிறகு திரும்பி, வேலியைப் பிடித்தபடி.

"எடியே, நீ மறிக்கிறியோ?"

"அதுதானே அம்மா என்ரை வேலை!"

"நான் இவ்வளவு நாளும் நீ அடி வாங்கிறாய் எண்டெல்லே நினைச்சன்!"

நான் விளையாடத் தொடங்கிப் பதினாறு வருடம். ஒருவரும் அம்மாவுக்கு ஒழுங்காகச் சொல்லவில்லை, நான் உட்பட.

போத்தலை அப்பாவிடம் கொடுத்தார். சேலையைத் தூக்கிச் செருகினார். "தாங்கோ இஞ்சை ஒண்டை."

எறிந்தார். கால்களுக்கு நடுவால் கோல்.

நான் விட்டுக்கொடுக்கவில்லை. யாரும் நம்பப் போவதில்லை, ஆனால் உண்மை.

டிசம்பர் 29, திங்கள்

உடம்பில் நோகாத இடம் காது மட்டும்.

காலையில் மறுபடி தளம். அப்பாவும் சிவம் மாமாவும் வேலைக்கு முன்பாக வந்தார்கள். அம்மா எறிந்தது எல்லாம் மறித்தேன். நிம்மதி. அம்மாவுக்குக் கோபம்.

பிறகு அம்மா பல்லரோவில் மீன்காரனுக்கு, தக்காளிக்காரிக்கு, பஸ்ஸில் முன்பின் தெரியாத ஒரு கிழவருக்கு: "என்ரை மகளுக்கு நான் கோல் போட்டனான்." பாதி இத்தாலியனில், பாதி கையால்.

பின்னேரம் லிபெர்த்தா வீதியில் ஒரு சின்யோராவின் வீட்டில் வேலை முடித்து வந்து, சப்பாத்தும் கழற்றாமல்:

"சின்யோராவிட்டை லீவு கேட்டனான். உன்னோடை வாறன்."

"எங்கை?"

"சுவீடனுக்கு. எங்கை எண்டு கேக்கிறாள்."

அப்பாவுக்கு வர வழியில்லை. உணவகத்தில் புதுவருடக் கூட்டம், சமையலறையை விட முடியாது. கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். பிறகு வெளியே போய் அம்மாவுக்கு ஒரு கோட் வாங்கி வந்தார். அம்மாவைப் போல இரண்டு பேர் உள்ளே போகலாம்.

ஜனவரி 3, சனி. சுவீடன்

முதலில் முடிவு: 2–1. வென்றோம். அடுத்த ஆட்டமும் நானே என்றார் பயிற்றுநர். ஒப்பந்தம் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. முழங்கால் பரவாயில்லை.

விட்ட கோல் என் பிழை. தூங்கினேன். அதன் பிறகு தூங்கவில்லை.

அம்மா கோலுக்குப் பின்னால், கண்ணாடியோடு ஒட்டி. பக்கத்துச் சுவீடன்காரர்கள் சத்தமில்லாமல் கோப்பி குடித்துக்கொண்டிருக்க, அம்மா மட்டும் முழு அரங்குக்கும் யாழ்ப்பாணத் தமிழில். நடுவருக்கும் ஏச்சு. போனைத் தூக்கிப் பிடித்து அப்பாவுக்கு நேரடி வர்ணனை வேறு.

கடைசி நிமிடம். எதிர்க் குழுவின் ஆள் வட்டைத் தள்ளிக்கொண்டு தனியாக வந்தாள். கையைப் பார்த்தேன். இடப்பக்கம். வட்டு என் கையுறைக்குள். ஆட்டம் முடிந்த சங்கு ஊதியது. குழு முழுவதும் ஓடி வந்து என்மேல் விழுந்தது. மூச்சு விட இடமில்லை, ஒரே இருட்டு, வேர்வை நாற்றம், சிரிப்பு. அதற்கு மேலாலே, கண்ணாடியில் தட்டித் தட்டி அம்மாவின் குரல்:

"எழும்புங்கோ பிள்ளையள்! என்ரை பிள்ளையை நசுக்காதேங்கோ!"