கேள்விக்குறி நீ அனுப்பியதல்ல

சின்ன காஞ்சிபுரம்,
14.12.2003

சௌபாக்கியவதி ஸிந்துஜாவுக்கு அப்பா ஹயக்ரீவனின் ஆசீர்வாதம். நானும் அம்மாவும் சௌக்கியம். டொரண்டோவிலும் பெருமாள் கிருபையில் எல்லாரும் அப்படியே இருக்க வேண்டும்.

கம்ப்யூட்டரில் எனக்குத் தமிழ் அடிக்க வராது. ஆங்கிலத்தில் எழுதினால் மின்வாரிய மெமோ மாதிரி ஆகிவிடும். அதனால்தான் கடிதம். முழுவதும் படித்துவிட்டு அப்புறம் கோபித்துக்கொள்.

குழந்தை அனுவின் படங்களைப் பார்த்தும் நாங்கள் ஒரு வார்த்தை எழுதவில்லை, இனி அனுப்ப மாட்டேன் என்று எழுதியிருந்தாய். நாங்கள் ஒரு படத்தையும் பார்க்கவில்லை. உன் மெயிலைத் திறந்தால் ஒரு வெள்ளைப் பெட்டி, அதன் நடுவில் ஒரு கேள்விக்குறி, அவ்வளவுதான் வந்தது. அதுவரை நீயும் படத்தோடு ஒரு வரி எழுதியதில்லை. உன் கல்யாணத்துக்கு நாம் ஏன் வரவில்லை என்றுதான் கேள்விக்குறி போட்டுக் கேட்கிறாள் என்றாள் அம்மா. நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். அதற்கு என்ன பதில் எழுதுவது? சும்மா இருந்துவிட்டோம்.

நடந்தது இதுதான். கருடசேவை சி.டி. ஓடுவதற்காக விஜயதசமியன்று ஒரு வீடியோ சாஃப்ட்வேரைப் போட்டேன். அது வழிநெடுக ஏதேதோ கேட்டது. நல்ல நாளும் அதுவுமாக ஒன்றை ஆரம்பிக்கும்போது 'நோ' சொல்லப்படாது என்று அம்மா பக்கத்திலேயே நின்றாள். எல்லாவற்றுக்கும் 'எஸ்' அழுத்தினேன். படங்களையும் இனி நானே திறக்கட்டுமா என்று நடுவில் கேட்டிருக்கிறது. அதற்கும் 'எஸ்'தான். எடுத்துக்கொண்டதே தவிர அதற்குத் திறக்கத் தெரியவில்லை.

உன் கடைசி மெயிலைப் பார்த்தபிறகு செவிலிமேட்டிலிருந்து லில்லியை வரவழைத்தேன். புடவை பார்டர் டிசைன்களைக் கம்ப்யூட்டரில் போட்டுத் தருகிற பெண். பார்த்த உடனே, "சார், உங்க படத்தையெல்லாம் இந்த வீடியோதான் புடிச்சி வச்சிக்கினு இருக்குது" என்று சிரித்தாள். அவளுடைய டிசைன்களும் ஒரு தடவை இப்படி மாட்டிக்கொண்டனவாம். அந்த சாஃப்ட்வேருக்குள் ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் படங்களுக்கு எதிரே இருந்த டிக்கையெல்லாம் எடுத்துவிட்டு, பாட்டுக்கும் வீடியோவுக்கும் மட்டும் விட்டுவைத்தாள். பிரௌசரை மூடித் திறந்தாள்.

அது லேசில் விடவில்லை. படங்களை மறுபடியும் எடுத்துக்கொள்ளட்டுமா என்று உடனே கேட்டது. நான் யோசிப்பதற்குள் அம்மா என் கையைத் தள்ளிவிட்டு அவளே 'நோ' அழுத்தினாள். அன்று வெள்ளிக்கிழமை வேறு.

முன்னால் வந்த மெயில்களை மனசு பொறுக்காமல் அழித்திருந்தோம். கடைசிப் படம் ஒன்றுதான் பாக்கி. போன் லைனில் அது மெதுவாக, மேலிருந்து இறங்கி வந்தது. முதலில் முடி. பிறகு நெற்றி. நெற்றியில் நம் வீட்டு வழக்கப்படி மெலிசாக ஸ்ரீசூர்ணம் இட்டிருக்கிறாய். அம்மாவுக்கு அதற்குமேல் தாங்கவில்லை, அழுதுவிட்டாள். மூக்கு என் மூக்கு. பாவம் குழந்தை.

லில்லிக்குக் காபி கொடுத்தோம். அவள் புறப்பட்ட பிறகும் படத்தை மூட அம்மா விடவில்லை. போன் பில் என்ன ஆகுமோ தெரியாது.

அழித்த படங்களையெல்லாம் திரும்ப அனுப்பு. இந்தப் படத்தில் குழந்தையைத் தாங்கிப் பிடித்திருக்கும் கை மாப்பிள்ளையுடையது என்று நினைக்கிறேன். வாட்ச் கட்டிய கை. முகம் வரவில்லை. அடுத்த படத்தில் விமல்ராஜை முகம் தெரிய உட்காரச் சொல். அம்மா கேட்கிறாள். நானும்தான் கேட்கிறேன்.

உங்கள் மூன்று பேருக்கும் வரதன் துணை இருக்கட்டும்.

இப்படிக்கு,
அப்பா