வட்டத்துக்குள் புள்ளிகள்

வியாழன், இரவு.

புற்றுநோய் வார்டுப் பெண்ணின் ரத்தத்திலிருந்து எடுத்துத் தட்டில் வளர்த்த கிருமிமீது நேற்று மாலை புது மருந்து வில்லையை வைத்தேன். மதியம்வரை பொறுத்துத்தான் முடிவு சொல்ல வேண்டும். காலையிலேயே அவள் கணவர் லேப் வாசலில் நின்றார். புதுவயல் அரிசி ஆலையில் வேலை செய்பவர்.

“மருந்து கேக்குமா, தங்கச்சி?”

தட்டைப் பார்த்தேன். வில்லையைச் சுற்றிக் கிருமி இல்லாத தெளிவான வட்டம்.

“கேக்கும்ண்ணே.”

“நல்லா இருப்பீக. நாளைக்குக் கந்தரப்பம் சுட்டுக் கொண்டாரேன்” என்று அழுதார்.

மதியம் பார்த்தால் அந்த வட்டத்துக்குள் ஊசிமுனைப் புள்ளிகள். கிருமி மறுபடி முளைத்திருக்கிறது. டாக்டரிடம் ஓடினேன்.

“இதுக்கு மேல கொடுக்க ஒண்ணும் இல்லையேம்மா” என்றார்.

அவசரப்பட்டுவிட்டேன். அந்த அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை.

விடிந்தால் தூக்குச்சட்டியோடு வந்து நிற்பார்.