காரும் கப்பலேறுகிறது

மார்ச் 4
என் காரை, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், என் மகன் தன் தங்கைக்குத் தாரை வார்த்துவிட்டான். நடந்தது இதுதான். பின்னால் யாரும் கதையை மாற்றக்கூடாது என்றுதான் தேதி போட்டு எழுதுகிறேன்.

மகள் கடல் தாண்டி இருக்கிறாள். இருபதாம் தேதி கப்பலாம். மனிதனுக்கு மானம் கப்பலேறும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இங்கே காரும் கூடவே ஏறுகிறது.

"உங்களுக்குப் பார்வை சரியில்லப்பா. இனிமே ஓட்ட வேணாம்" என்கிறான். நான் புத்தகம் பார்த்து, காலி மைதானத்தில் தனியாக ஓட்டப் பழகியவன். அன்றைக்குக் கற்றுத்தர ஓர் ஆள் வரவில்லை. ஓட்டாதே என்று கற்றுத்தர இன்று வீட்டிலேயே இரண்டு பேர்.

மார்ச் 6
கப்பல் கம்பெனியிலிருந்து ஒரு தாள் வந்திருக்கிறது. வண்டிக்குள் சாமான் இருக்கக்கூடாது. டாங்கில் கால்வாசிக்கு மேல் பெட்ரோல் கூடாது. கழுவித் துடைத்திருக்க வேண்டும். ஏற்கெனவே உள்ள கீறல், நசுங்கல் எல்லாவற்றையும் உரிமையாளர் காட்டிக் கையெழுத்திட வேண்டும்.

உரிமையாளர். முகம் தெரியாத கம்பெனிக்குத் தெரிகிறது.

"நான் பாத்துக்கறேன்பா, குடுங்க" என்றான் மகன். கொடுக்கவில்லை. எல்லா வேலையையும் பழுதில்லாமல் நானே முடிப்பேன். கடைசியில் கையெழுத்து மட்டும் போடமாட்டேன். கையெழுத்து இல்லாமல் எப்படி ஏற்றுகிறார்கள், பார்க்கலாம்.

மார்ச் 9
டாங்கில் முக்கால் இருக்கிறது. கால்வாசியாக்க ஓட்டித்தானே தீர வேண்டும்? "சாவியைக் கொடு, கம்பெனி உத்தரவு" என்றேன். மகன் சாவியை எடுத்து நீட்டினான். மனைவி தானாகவே ஏறி உட்கார்ந்தாள். வழி முழுக்கக் கைப்பிடியை விடவில்லை.

"என்ன பயம்?"

"பயமில்லீங்க. பிடிச்சுக்க நல்லா இருக்கு."

மார்ச் 10
இன்னும் அரை டாங்க். கம்பெனி நீடூழி வாழ்க.

மார்ச் 14
பெட்ரோல் கால்வாசிக்கு வந்துவிட்டது. வண்டியைக் கழுவினேன். இருக்கைக்கடியில் மனைவியின் மூக்குக்கண்ணாடி கிடைத்தது. நான்தான் தொலைத்தேன் என்று நான்கு வருடம் என்னைக் குறை சொன்னவள், இன்று "ஓ, இதுவா" என்றாள். அவ்வளவுதான்.

மார்ச் 17
வண்டியைச் சோதிக்கக் கம்பெனி ஆள் வந்தார். கையில், மேலிருந்து பார்த்தால் கார் எப்படித் தெரியுமோ அப்படி ஒரு படம்.

"சின்னது பெருசு எதையும் விட்டுராதீங்க ஐயா. அப்புறம் எங்க தலையில விழும்."

நானா விடுகிறவன்? ஒவ்வொன்றையும் காரணத்தோடு காட்டினேன். இது பக்கத்து வீட்டுக்காரன் பைக்கை நிறுத்திய லட்சணம். இது கடைக்காரன் புத்தியில்லாமல் கட்டிய தூண். இது நம் வீட்டு கேட், சரியாகத் திறக்கப்படாதது. அவர் பெருக்கல் குறி போட்டுக்கொண்டே வந்தார். பதின்மூன்று.

பிறகு தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எல்லாமே இடப்பக்கமா இருக்கே ஐயா. வலப்பக்கம் ஷோரூம்ல நிக்கிற மாதிரி இருக்கு. உங்க தெரு ரொம்பக் குறுகலோ?"

எங்கள் தெருவில் இரண்டு லாரி தாராளமாக ஒதுங்கும்.

தாளை வாங்கினேன். வலக்கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தேன். குறிகள் இல்லை. காரும் இல்லை. ஏதோ அழுக்குத் துணி மாதிரி — எப்போதிருந்து? பதின்மூன்று முறை ஊரார் மேல் பழி போட்டேனே, ஒரு முறையாவது இப்படிப் பொத்திப் பார்த்தேனா?

மகன் பக்கத்தில்தான் நின்றான். ஒரு சொல் சொல்லியிருந்தாலும் தாளைக் கிழித்திருப்பேன்.

கையெழுத்துப் போட்டேன்.

மார்ச் 18
செய்ய வேண்டியவை:

டயரில் காற்றுப் பார்ப்பது — நான். வேறு யாரும் தொடக்கூடாது.

துறைமுகம் வரை ஓட்டுவது — மகன். கிளட்சை மெதுவாக விட வேண்டும். விடமாட்டான்.

மாற்றுச் சாவியை மகளுக்குத் தபாலில் அனுப்புவது — மனைவி. தொலைக்காமல்.

பக்கத்து வீட்டுக்காரனிடம் பைக் விஷயமாக ஒரு வார்த்தை பேசுவது — நான். அவசரமில்லை.

கண் டாக்டரிடம் நேரம் வாங்கி என்னை அழைத்துப்போவது — மகன். நான் வாய்விட்டுக் கேட்கமாட்டேன். அவனாகவே சொல்ல வேண்டும்.

இந்த நோட்டை, இந்தப் பக்கத்தைத் திறந்தபடி, சாப்பாட்டு மேசையில் மறந்து வைப்பது — நான்.