கேலி முறை

சென்-லூயி, செனகல்
புதன்கிழமை

இருபது வருடச் சிநேகிதிக்கு,

இன்று காலை எழுந்ததும் சிக்ரித்துக்கு ரொட்டியை நறுக்கி வெண்ணெய் தடவினேன். தடவி முடித்த பிறகுதான், நார்வேயிலிருந்து ஒரு பருவம் படிக்க வந்து என் வீட்டில் தங்கியிருந்த அந்தப் பெண் மூன்று நாளாக உன் வீட்டில் இருப்பது நினைவுக்கு வந்தது. நானே தின்றேன். பார்த்திருந்தால் சிரித்திருப்பாய்.

உன் குலத்துக்கும் ஜோப் என்ற என் குலத்துக்கும் தலைமுறை தலைமுறையாகக் கேலி முறை; பார்த்த இடத்தில் ஒருவரையொருவர் ஏசிக்கொள்வோம். "ஜோப்காரி வந்துட்டா, சோத்துப் பானைய மூடுங்கடி!" என்று என் கல்யாணத்திலேயே கத்தினாய். நான் உன்னைத் திருடி என்றேன். இதில் கோபப்பட யாருக்கும் உரிமை இல்லை; மரியாதையெல்லாம் அந்நியருக்குத்தான்.

ஆனால் மாணவிகள் தங்கும் வீடுகளைப் பார்த்துப்போக வந்த அதிகாரி வெளிநாட்டுக்காரி; நம் முறை அவளுக்குத் தெரியாது. அவளிடம் என்னைப் பற்றி, "அந்தப் பொண்ணுக்கு அங்க சோறு மிஞ்சாது, எல்லாத்தையும் அவளே முழுங்கிடுவா" என்றாயாம். வேடிக்கையா என்று அவள் இரண்டு முறை கேட்டாளாம். "இல்ல, நிஜம்தான்" என்றாயாம். அன்று மாலையே சிக்ரித்தின் பெட்டி உன் வாசலுக்குப் போனது. உன் வீட்டுக்கும் ஒரு மாணவி வேண்டும் என்று நீ சொல்லிக்கொண்டிருந்ததை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நேற்று வந்து கேட்டதற்கு, "கேலிக்குப் போய் ரோஷமாடி?" என்று சிரித்தாய். உனக்குப் பின்னால் சிக்ரித் தலைகுனிந்து நின்றாள்.

வெள்ளிக்கிழமை உன் பேரனுக்குப் பெயர் வைக்கிறீர்கள். வருவேன். நீ பானையைப் பற்றிக் கத்தியதும் எல்லோரும் என் பதிலுக்காகத் திரும்புவார்கள். இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. வழக்கம்போல் முதலில் உன்னிடம்தான் சொல்கிறேன். நான் பதில் சொல்லப் போவதில்லை. உன் உடல்நலத்தை மரியாதையாக விசாரித்து, குழந்தையை வாழ்த்திவிட்டுத் திரும்பிவிடுவேன்.

இப்படிக்கு,
எதிர் வீட்டுக்காரி