மாப்பிள்ளைக்குத் தூண்டில் வாங்கும் விஷயமாக

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது.

உடம்பளவில் இங்கே இரண்டு பேரும் சுகம்தான், அப்பாவின் இருமல்கூட இந்த வாரம் அடங்கிவிட்டது. நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். மாப்பிள்ளைக்கு ஃப்ளை ஃபிஷிங், அதுதான் பூச்சித் தூண்டில், கற்றுக்கொள்ள ஆசை வந்திருக்கிறது, முதன்முதலாக வாங்குகிறவர் என்னென்ன வாங்க வேண்டும் என்று அப்பாவை எழுதச் சொல் என்று கேட்டிருந்தாய். அப்பா உட்கார்ந்தார், உனக்கு அன்புள்ள என்று ஒரு வார்த்தை போட்டார், பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். என்ன வாங்க வேண்டும் என்று எழுத வந்தால் தான் என்ன வாங்கினோம் என்பதையும் எழுத வேண்டிவரும், அதில் உன் சித்தப்பா வருவார், தம்பியைப் பற்றி ஒரு சொல் குறைத்துச் சொல்ல அவருக்குக் கை வராது. எனக்கு வரும். போனில் சொல்லலாம் என்றால் பக்கத்தில் நின்றுகொண்டு பேச்சை மாற்றிவிடுகிறார். அதனால்தான் இந்தக் கடிதம்.

வாழ்நாள் முழுக்க லிப்ட் குழிக்குள் இறங்கி கிரீஸ் பூசிக்கொண்டிருந்த மனிதர் ஓய்வு பெற்றதும் கைகாலை எங்கே வைப்பதென்று தெரியாமல் திரிந்தாரா, டாக்டர் காலையில் ஆற்றோரமாக நடங்கள் என்று சொன்னார். அங்கே யாரோ பூச்சித் தூண்டில் வீசுவதைப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் சொன்னபோது அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். மண்புழு கிடையாது, இறகில் கட்டின பொய்ப் பூச்சிதான், அது காற்றுக்குக்கூடக் கனக்காது, நூலின் கனத்தில்தான் அது பறந்து போகிறது, வளையம் வளையமாகப் போய்ச் சத்தமில்லாமல் தண்ணீரில் உட்காருகிறது, பிடித்த மீனைத் திரும்ப விட்டுவிடுகிறார்கள் என்று சாப்பாடு ஆறிப்போகும்வரை சொன்னார். எனக்கும் சந்தோஷம்தான். என்னிடம் சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம், தம்பியிடமும் சொன்னார். உன் சித்தப்பாவைத்தான் உனக்குத் தெரியுமே, நம் வீட்டுத் தளம் ஒழுகினபோது வந்த கொத்தனாருக்கு சிமென்ட் கலக்கச் சொல்லிக்கொடுத்தவர். நானே கூட்டிக்கொண்டு போகிறேன், என் சிநேகிதன் கடை வைத்திருக்கிறான், நீங்கள் போனால் ஏமாற்றிவிடுவார்கள் என்று சொல்லி அப்பாவைக் காரில் ஏற்றிவிட்டார். நானும் பின்சீட்டில் போனேன்.

அந்தக் கடையைச் சொல்கிறேன் கேள். கண்ணாடி அலமாரி முழுக்க தூசி, ஓரத்தில் பாடம் பண்ணின பறவைத் தோல்கள், ஒரு வீச்சம். கடைக்காரன் நகத்தைக் கடித்துத் துப்பிக்கொண்டே, இருக்கிறதிலேயே நீளமான, கனமான கம்பை எடுத்து அப்பா கையில் கொடுத்தான். பெரிய கம்பு வாங்கினால் பெரிய மீன் மாட்டும் என்றான், உன் சித்தப்பா ஆமாம் போட்டார். எங்கே பிடிக்கப் போகிறீர்கள் என்று அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நம் ஆற்றில் வருவது உள்ளங்கை நீள மீன். இதை மாப்பிள்ளை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளட்டும், எந்தத் தண்ணீர், எந்த மீன் என்று முதலில் கேட்காத கடையில் ஒரு முள்ளைக்கூட வாங்க வேண்டாம். கம்புக்கு ஒரு எண் போட்டிருப்பார்கள், நூலுக்கும் ஒரு எண் இருக்கும், இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒன்று இன்னொன்றின் பேச்சைக் கேட்காது. அப்பாவுக்கு விற்றது எட்டாம் எண் கம்பு, அதன் ரீலில் சுற்றிக்கொடுத்தது ஐந்தாம் எண் நூல், அதுவும் மிதக்கிற நூல் இல்லை, முழுகுகிற நூல். விற்காமல் கிடந்ததையெல்லாம் அண்ணன் தலையில் கட்டுகிறான் என்று தெரிந்தும் சித்தப்பா பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார், தெரியாமல் நின்றார் என்றால் அதைவிடக் கேவலம். போதாததற்குப் பூச்சியையும் அப்பாவே கட்டட்டும் என்று இறகும் முயல் தோலும் ஒரு பை. ஒரு மாதம் கழித்து அலமாரியைத் திறந்தால் அந்தத் தோலிலிருந்து புழு ஊர்ந்து என் கம்பளிச் சால்வைக்குள் குடியேறியிருக்கிறது. ஆபரேஷன் தியேட்டரில் அத்தனை வருஷம் நர்ஸாக நின்றவள் நான், சீழும் ரத்தமும் பார்த்து முகம் சுளித்ததில்லை, அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. புதிதாகப் பழகுகிறவருக்குக் கட்டின பூச்சி நாலைந்து இருந்தால் போதும், அந்தக் குப்பை வேண்டவே வேண்டாம்.

எண் சேராத நூல் எப்படிப் போகும்? காலடியிலேயே குவிந்தது. அப்பா பாவம், தன் கையில்தான் கோளாறு என்று நினைத்து இன்னும் வேகமாக வீச, முள் திரும்பி வந்து பிடரியில் ஏறிவிட்டது. முள்ளில் நூல் கட்டுகிற கண்ணை விரலால் அமுக்கிக்கொண்டு வளைவில் தடித்த நூலைச் சுற்றி வெடுக்கென்று இழுத்து எடுத்தேன். கழுத்தில் பட்டது கண்ணில் பட்டிருந்தால்? கண்ணாடி போடாமல் மாப்பிள்ளை கம்பைத் தொடக் கூடாது, முள் நுனியில் பின்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கிற எதிர்க்கொக்கியையும் இடுக்கியால் நசுக்கிவிடச் சொல். சித்தப்பாவிடம் சொன்னதற்கு, எல்லோரும் இப்படித்தான் கற்றுக்கொள்வார்கள் அண்ணி என்றார்.

இனிமேல் சொல்லப்போவதைப் படித்துவிட்டு உடனே போன் பண்ணி அழாதே, எல்லாம் முடிந்துபோன விஷயம். தண்ணீருக்குள் நிற்க மார்புவரை வருகிற ரப்பர் கால்சட்டை ஒன்றும் அந்தக் கடையிலேயே வாங்கிக்கொடுத்திருந்தார்கள், கண்ணாடி ஜன்னலில் பொம்மைக்கு மாட்டியிருந்தது, அப்பாவைப்போல் இன்னொருவர் உள்ளே நுழையலாம். இடுப்பில் கட்ட பெல்ட் வர வேண்டும், அதைக் காணோம். பெல்ட் எதற்கு, தானாக நிற்கிறதே என்றார் சித்தப்பா. ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் ஆற்றுக்குப் போனோம், நான் கரையில் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்திருந்தேன், சித்தப்பா முழங்கால் நனையாமல் நின்று அப்பாவை இன்னும் உள்ளே போங்கள், இன்னும் உள்ளே என்று சொல்லிக்கொண்டிருந்தார். பாசிக் கல்லில் அப்பாவுக்குக் கால் வழுக்கியது. விழுந்ததும் அந்தக் கால்சட்டைக்குள் தண்ணீர் குடம்குடமாக இறங்கிவிட்டது, எழுந்திருக்க முடியவில்லை, ஆறு அவரை உருட்டிக்கொண்டு போகிறது. நான் செருப்பும் தோள் பையுமாக இறங்கினேன். அப்போது எனக்குப் பின்னாலிருந்து உன் சித்தப்பா சத்தம் போட்டதை அப்படியே எழுதுகிறேன்: "அண்ணா, கம்ப விட்டுடாதீங்க, கம்ப விட்டுடாதீங்க."

அப்பாவின் சட்டைக் காலரைப் பிடித்துத் தலையை மேலே தூக்கி என் முட்டியில் வைத்துக்கொண்டு, பையில் எப்போதும் கிடக்கிற கத்தரிக்கோலால் கால்சட்டையின் தோள்வாரை வெட்டி அந்தச் சனியனிலிருந்து அவரை உருவி எடுத்தேன். மூக்கிலும் வாயிலும் தண்ணீர், உதடு நீலம். கரைக்கு இழுத்து வந்து குப்புறச் சாய்த்து முதுகைத் தட்டிக்கொண்டே நிமிர்ந்து பார்க்கிறேன், உன் சித்தப்பா கொஞ்சம் கீழே, ஒரு கிளையில் சிக்கியிருந்த கம்பை எட்டி எடுத்துக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருக்கிறார். அந்தக் காட்சி என் கண்ணைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது. அப்பா காய்ச்சலும் சளியுமாகக் கிடந்த நாட்களில் சித்தப்பா எட்டிப் பார்க்கவில்லை, தேறின பிறகு வந்தார், வந்ததும் ரீலுக்குள் மணல் போயிருக்கும், எண்ணெய் போட்டீர்களா என்று கேட்டார்.

இதையும் பொறுத்துக்கொண்டேன். பிறகு உன் அத்தை வீட்டில் எல்லோரும் கூடியிருந்தபோது, தான் எப்படி ஆற்றில் குதித்து அண்ணனை இழுத்து வந்தேன் என்று சித்தப்பா கையைக் காலை ஆட்டிக் கதை சொன்னார். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் அப்பாவைப் பார்க்கிறேன், அப்பா ஆமாம் என்று தலையாட்டுகிறார்! எழுந்து வெளியே போய் வாசல் குழாயில் முகம் கழுவினேன், அங்கே இருந்திருந்தால் வாயில் என்ன வந்திருக்குமோ. வீட்டுக்கு வரும் வழியில் ஏன் தலையாட்டினீர்கள் என்று கேட்டேன். "அவன் கை நடுங்கினத நான் பாத்தேன். அவனுக்குத் தண்ணின்னா சின்ன வயசுலேருந்து பயம். வெளிய சொல்லமாட்டான்" என்றார். எனக்கும் நீச்சல் தெரியாது, எனக்கும் பயம்தான், நான் இறங்கவில்லையா என்று கேட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

அதற்குப் பிறகு அப்பா தூண்டிலைத் தொடமாட்டார் என்றுதான் நினைத்தேன். ஒருநாள் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு வா போகலாம் என்றார். இந்தத் தடவை வேறு கடை, தம்பிக்குச் சொல்லவில்லை. அந்தக் கடைக்காரர் ஆற்றைப் பற்றிக் கேட்டார், பின்னால் இருக்கிற காலி இடத்தில் ஒவ்வொரு கம்பாக வீசிப் பார்க்கவிட்டார். ஒன்பதடியில் ஐந்தாம் எண் கம்பு, அதே எண்ணில் மிதக்கிற நூல், சாதாரண ரீல், அவ்வளவுதான். மாப்பிள்ளைக்கும் நம் ஆறு மாதிரி தண்ணீர் என்றால் அது போதும். கால்சட்டை வாங்கினால் அளவு பார்த்து, பெல்ட்டோடு. முதல் சில வாரம் தண்ணீர்ப் பக்கமே போக வேண்டாம், முள்ளுக்குப் பதில் கம்பளி நூல் துண்டைக் கட்டி மைதானத்தில் பழகட்டும், அப்பாவும் இப்போது அப்படித்தான் செய்கிறார்.

போன வாரம் சித்தப்பாவும் சித்தியும் சாப்பிட வந்திருந்தார்கள். மாப்பிள்ளைக்கு ஆசையாமே, நானே நம் கடையில் எல்லாம் பார்த்து வாங்கி அனுப்பிவிடுகிறேன் என்று சித்தப்பா ஆரம்பித்தார். அப்பா குரலை உயர்த்தவேயில்லை, தட்டைப் பார்த்தபடி, "மாப்பிள்ளைக்கு நீ ஒண்ணும் வாங்காதடா. விழுந்தா இழுத்துப் போட அங்க உன் அண்ணி இல்ல" என்றார். சித்தப்பா சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். சித்தி என்னை நிமிர்ந்து பார்த்தாள், பிறகு தன் புருஷனைப் பார்த்தாள்.

ஆகவே சித்தப்பாவிடமிருந்து ஏதாவது பார்சல் வந்தால் பிரிக்காமல் திருப்பி அனுப்பு. மாப்பிள்ளை முதல் தடவை தண்ணீரில் இறங்கும்போது நீ கரையில் இரு, போனைப் பார்த்துக்கொண்டு இருக்காதே. நீங்கள் இரண்டு பேரும் ஒரு குறையும் இல்லாமல் நீடூழி வாழ வேண்டும், அப்பாவும் அதையே சொல்லச் சொன்னார். இன்னொன்றும் சொல்கிறேன், கேட்டுவிட்டுச் சிரிக்காதே. வருகிற ஞாயிற்றுக்கிழமை அப்பா ஆற்றுக்குப் போகிறார், தம்பியையும் கூப்பிட்டிருக்கிறார், கரையில் சும்மா உட்கார்ந்திருக்கட்டும் பாவம் என்கிறார். எனக்கு உன் சித்தப்பாவின் முகத்தைப் பார்க்கவே இன்னமும் அருவருப்பாக இருக்கிறது. நானும் போவேன், போகாமல் இருக்க முடியுமா. ஆனால் அவர் உட்காருகிற கல்லில் உட்கார மாட்டேன்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா